நீர், நீ, அவர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஆன், ஆள், ஆர் விகுதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்டோபரில் லயத்து வீடுகளில் முட்டிபோட்டுச் செபமாலை சொன்னவர்களுக்கு 'நீர், உம்மை, உமது' இன்னும் நாக்கிலேயே இருக்கும். கத்தோலிக்க விசுவாசமும் பால்புதுமை (queer) வாழ்வும் ஒன்றாக வரும் கவிதைகளைப் படிக்க அந்த இலக்கணமும் அந்தச் செபமும் பெரிய துணை.

1577 டிசம்பரில் தொலேதோ நகரில் சொந்தச் சபையினராலேயே சிறைவைக்கப்பட்டு, மறு ஆகஸ்டில் தப்பியவர் ஸ்பானியத் துறவியும் கவிஞருமான சிலுவை யோவான். அவருடைய 'இருண்ட இரவு' எட்டுப் பத்திகள், பத்திக்கு ஐந்து அடிகள். வீட்டைவிட்டுப் புறப்படுகிற ஆன்மா ஒரு பெண் என்பதை ஸ்பானிய விகுதி முதல் பத்தியிலேயே காட்டிவிடும். தமிழில் 'புறப்பட்டேன்' என்றால் ஆணா பெண்ணா தெரியாது. காத்திருப்பவரை 'நான் நன்கு அறிந்தவர்' என்று வைத்தால் அங்கும் பால் தெரியாது. ஐந்தாம் பத்தியில் காதலன், காதலி என்று வரும்வரை இருவரும் வெறும் இரண்டு உயிர்கள். அவசரப்பட்டு 'அவன்' என்று போடும் மொழிபெயர்ப்பு இதைக் கெடுத்துவிடும். இதை வைத்து யோவானைத் தற்பாலீர்ப்பாளர் என்று சொல்லிவிடக் கூடாது. நம்மாழ்வாரும் பராங்குச நாயகி என்ற பெண்ணாகத் தம்மை வைத்துப் பாடியவர்தான். ஆனால் அவர்கள் திறந்துவைத்த வாசல் இன்றைய கவிஞர்களுக்கும் திறந்தே இருக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபையில் சேரும்போது தம் கவிதைகளை எரித்தார். 1889இல் இறந்தார், தொகுப்பு 1918இல்தான் வந்தது. அவரை ஆழ்ந்து படித்த இன்றைய கவிஞர் ஷான் ஹியூவிட்டின் 2020 தொகுப்புக்குப் பெயர் 'தீ நாக்குகள்'. பெந்தகோஸ்து நாளின் நாக்குகளும் மரக்கிளையில் பிதுங்கும் ஆரஞ்சு நிறப் பூஞ்சையும் அந்த ஒரே பெயரில். ஆண்மேல் ஆண் கொண்ட ஆசை, சாகக்கிடக்கும் தகப்பன், செபம் மூன்றும் அதில் ஒரே காட்டுக்குள் நடக்கின்றன.

திருச்சபை மறைக்கல்வி நூலின் 2357ஆம் எண் தற்பால் உறவுச் செயலை மறுக்கிறது. அடுத்த எண்ணே அந்த மனிதரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. இந்தக் கவிதைகள் அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் மூச்சுவிடுகின்றன. மலேசியாவிலோ ஆண்-ஆண் உடலுறவையும் குற்றத்துக்குள் கொண்டுவரும் தண்டனைச் சட்டம் 377அ இருக்கிறது. இங்கே எழுதுகிறவர் போடும் 'அவர்' மரியாதையும்தான், மறைவிடமும்தான்.

தமிழில் எழுத நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது வினைமுற்றில். 'நீர் தந்தாய்' என்று கலந்தால் செபமும் கெடும், காதலும் கெடும். அடுத்தது மன்றாட்டு மாலையின் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'. அழைக்கும் பெயர் ஒவ்வொன்றும் புதிதாகக் கனக்காவிட்டால் பல்லவி வெறும் சத்தமாகிவிடும். காயம், ரத்தம், முள்முடியை அலங்காரமாகத் தூவுவது இன்னொன்று. 'நீர்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு ஒரு கவிதையில் ஒரே ஒரு முறை இறங்கினால் போதும். மாதிரிக்கு இரண்டு வரி:

நீர் பிட்டுத் தந்தீர், இதுவே என் உடல் என்று.
நீ பாதி கிள்ளித் தந்தாய், பசிக்கிறதா என்று.