வெள்ளைப் பாறையின் காலக்கணக்கு

சீமைச்சுண்ணாம்புப் பாறையைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளை நீரில் கலக்கி, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தால், வெறும் மாவாகத் தெரிந்தது சில மைக்ரான் அளவேயான காக்கோலித் தகடுகளாக, அதாவது ஒற்றைச்செல் கடற்பாசிகளின் சுண்ணாம்புச் செதில்களாக, விரிகிறது. அந்தக் காட்சி எனக்கு இன்றும் அலுத்ததில்லை. இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கடற்கரைப் பாறைகளில், ரோட்டலிபோரா குஷ்மானி என்ற ஃபோராமினிஃபெரா (ஓடுடைய ஒற்றைச்செல் கடலுயிரி) இனம் ஒரு மட்டத்துக்கு மேலே அடியோடு மறைந்துவிடுகிறது. ஆனால் ஓர் உயிரினம் எல்லாக் கடல்களிலும் ஒரே வேளையில் மறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதன் ஓடுகள் பின்னர் கரைந்தும் போயிருக்கலாம். ஆகவே புதைபடிவத்தை மட்டும் நம்பி வெவ்வேறு இடத்துப் பாறை அடுக்குகளை ஒரே காலத்தவை என்று இணைப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து.

கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடையில் வேறுபடும் கார்பன் அணு வகை, இங்கே கைகொடுக்கிறது. சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் ஒரு பகுதியான செனோமேனியன் காலத்தின் முடிவில், கடலில் ஆக்சிஜன் குன்றி, கார்பன்-12 மிகுந்த கரிமப்பொருள் பெருமளவில் புதைந்ததால், கடல்நீரில் கார்பன்-13இன் விகிதம் கூடியது. அந்த மாற்றத்தைச் சுண்ணாம்பு தன்னுள் பதிந்துகொண்டது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2 பங்கு மட்டுமே உயரும் அந்த ஏற்றம் அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள புவெப்லோ பாறைகளிலும் காணப்படுகிறது. எனினும் இத்தகைய ஏற்றங்கள் புவி வரலாற்றில் பல உண்டு. கையிலிருப்பது அவற்றுள் எது என்று சொல்வதற்கு மறுபடியும் நுண்படிவங்களிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.