முதுகில் மருந்து ஒட்டிப் பார்த்த கதை: சீமெந்துக் கடியும் பாட்ச் ரெஸ்ற்றும்

கிளிநொச்சிப் பக்கம் மேசன் வேலை செய்கிற பலருக்குக் கையில் இந்தக் கடி இருக்கிறது. விரல் இடுக்கு வெடிக்கும், நீர் கசியும், இரவில் நித்திரை வராது. தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு விடிய வேலைக்குப் போவார்கள். எனக்கு அது மேற்பாதத்திலும் வந்தபோதுதான் தோல் வைத்தியர், எந்தப் பொருள் தோலுக்கு ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்கிற பாட்ச் ரெஸ்ற் செய்யச் சொல்லிக் கொழும்புக்குக் கடிதம் தந்தார். என்ன செய்வார்களோ என்று பயந்து போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஊசி கிடையாது. சட்டைப் பொத்தான் அளவு கிண்ணங்கள் வரிசையாக உள்ள பிளாஸ்ரரை முதுகில் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பொருள் இருக்கும். சீமெந்தில் இருக்கிற குரோமியத்துக்கு வசிலினில் கலந்த 0.5 வீத பொட்டாசியம் டைகுரோமேற்று. நிக்கல், கோபால்ற்று, இறப்பரில் சேர்க்கும் மருந்துகள், வாசனைப் பொருட்கள் என்று மற்றவை. 48 மணித்தியாலத்தில் கழற்றிப் பார்ப்பார்கள். ஒட்டியதிலிருந்து 96 மணித்தியாலமளவில் மறுபடியும் பார்ப்பார்கள். அதாவது திங்கள் ஒட்டினால் புதனும் வெள்ளியும். இந்த ஒவ்வாமை சுணங்கித்தான் எழும்பும், இரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. அதனால் புதன்கிழமையோடு கோச்சி ஏறிவிடாதீர்கள்.

அதுவரை முதுகு நனையவும் கூடாது, வியர்க்கவும் கூடாது. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி வார்த்துப் பழகின ஆளுக்கு அதுதான் பெரிய கரைச்சல். வெள்ளவத்தையில் மாமி வீட்டில் ஃபானுக்குக் கீழே குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஸ்ரெரொயிட் குளிசை எடுப்பவர்களும் முதுகில் ஸ்ரெரொயிட் கிறீம் பூசுபவர்களும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும், அவை முடிவை மறைத்துவிடும். குளிசையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

வெள்ளிக்கிழமை முதுகைப் படம் எடுத்துக் காட்டினார்கள். பாதி இடம் சிவந்திருந்தது. இத்தனையும் ஒவ்வாது என்றால் எந்தத் தொழிலைத்தான் செய்வது என்று நெஞ்சு திக்கென்றது. வைத்தியர், "தம்பி, இதை வைத்து இப்ப ஒரு முடிவும் எடுக்கேலாது" என்றார். கைப்புண் ஆறாமல் இருக்கும்போதோ, ஓரிடத்தில் கடுமையாக எழும்பும்போதோ முதுகுத் தோல் முழுவதுமே கிளர்ந்துவிடுமாம். பக்கத்தில் இருப்பவையும் பொய்யாகச் சிவக்குமாம். முதலில் கையை ஆற்றுவோம், பிறகு சந்தேகமானவற்றை மட்டும் தள்ளித் தள்ளி ஒட்டிப் பார்ப்போம் என்றார். திரும்பவும் கூலியை விட்டுவிட்டு வரவேண்டுமா என்று மனம் சலித்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. மறுமுறை நிக்கலும் வாசனைப் பொருளும் ஒன்றுமே காட்டவில்லை. குரோமியம், கோபால்ற்று, இறப்பரில் சேர்க்கும் தையூரம் மூன்றும் நின்றன. குரோமியம் ஒட்டிய இடத்தில் தோல் தடித்து, குருணி குருணியாக நீர்க்கொப்புளம். கடுமையான ஒவ்வாமை என்று கொப்பியில் இரண்டு கூட்டல் குறி போட்டார்.

குரோமியமும் கோபால்ற்றும் சேர்ந்தே எழும்பியதற்கு இரண்டும் ஒரே சாதிப் பொருள் என்பது காரணமில்லை. இரண்டும் சீமெந்தில் இருக்கின்றன, தோல் இரண்டையும் தனித்தனியாகப் பகைத்துக்கொள்கிறது. தையூரம் வந்தது என் இறப்பர் கையுறையிலிருந்து. சீமெந்து படாமல் இருக்கப் போட்ட கையுறையே கையைக் கெடுத்திருக்கிறது! மேற்பாதத்தில் வார் போட்ட மாதிரி இருந்த தழும்புக்கும் விடை கிடைத்தது. செருப்புத் தோலையும் குரோம் உப்பில்தான் பதனிடுகிறார்களாம்.

ஐரோப்பாவில் 2005 தொடக்கம் சீமெந்தில் நீரில் கரையக்கூடிய "குரோமியம் 6" என்கிற வகை, பத்து இலட்சம் பங்கில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. இரும்புச் சல்பேற்றுச் சேர்த்துக் குறைக்கிறார்கள். வெயிலில் நின்று கலவை குழைக்கிற எங்கள் பொடியன்களுக்கும் அப்படிப்பட்ட சீமெந்து கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இப்போது உள்ளே பருத்திக் கையுறை, வெளியே பிவிசி கையுறை. கலவை உள்ளே போனால் உடனே கழற்றிக் கழுவுகிறேன். தோற்செருப்பை விட்டுவிட்டேன், பாதம் ஆறிவிட்டது. கை முழுதாக ஆறவில்லை, குரோமிய ஒவ்வாமை லேசில் விடாது என்று வைத்தியர் முதலே சொல்லியிருந்தார். கலவை குழைப்பதைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் கல்லு அடுக்குகிறேன். நீங்கள் போவதென்றால் வேலைக்குப் போடும் கையுறை, செருப்பு, பூசும் மருந்தின் ரியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிலவேளை அவற்றிலிருந்தே ஒரு துண்டை வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள்.