மூன்று விரல்

ஆகஸ்ட் 2, சனி

வலி திரும்ப வந்துவிட்டது. அதே பல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லோரும் காவிரிக்கரை அம்மா மண்டபம் போய்விட்டார்கள். அத்தை எடுத்து வைத்துப் போன தேங்காய் சாதம் ஒரு வாய்கூட இறங்கவில்லை. இடது தாடை காலையில் இருந்ததைவிட இப்போது பெரிதாகத் தெரிகிறது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். படுத்தால் பல்லுக்குள் நாடி துடிக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாயைத் திறந்தால் இரண்டு விரல்தான் நுழைந்தது. மூன்று விரல் நுழைய வேண்டுமாம். இந்த வீக்கத்தில் மரத்துப்போகிற ஊசியும் சரியாகப் பிடிக்காது, புதன்கிழமை பல்லைத் திறக்கலாம் என்றார் டாக்டர். நாக்குக்கு அடியில் அழுத்திப் பார்த்தார். அங்கே வீங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு முட்டினாலோ ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதை இரண்டு தடவை சொன்னார்.

ஜூனில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்ட நான்கு மாத்திரைகளைப் பற்றிச் சொன்னேன்.

“அப்போ வலி நின்னுச்சா?”

“ரெண்டே நாள்ல நின்னுடுச்சு டாக்டர்.”

“அது மாத்திரையால நின்னதா இருக்காதும்மா. உள்ளே நரம்பு செத்திருக்கும். செத்த நரம்பு எப்படி வலிக்கும்?”

வீடு வரும்வரை அதே நினைப்புத்தான். குணமாகிவிட்டது என்று நம்பி நான் வெல்லப் பணியாரம் தின்றுகொண்டிருந்த இரண்டு மாதமும் உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மருந்து ரத்தத்தில்தான் போகும். நரம்பு செத்த பல்லுக்குள் ரத்தம் ஓடாது. பிறகு எதைப் போய்ச் சேரும்? சுற்றிப் பரவாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் இரண்டு. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் (பென்சிலின் வகை) 625 காலை, இரவு. மெட்ரோனிடசோல் 400 மூன்று வேளை. ஐந்து நாள். எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. மாத்திரைப் பட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாது என்பதற்கு அடையாளம். ஜூனில் வாங்கியதிலும் இருந்திருக்கும், நான் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு விரல். காய்ச்சல் இல்லை.

வாயெல்லாம் இரும்புக் கசப்பு. தண்ணீர் குடித்தாலும் பழைய சாவியைச் சப்பின மாதிரி. மெட்ரோனிடசோலுக்கு அப்படித்தான் இருக்குமாம். சிறுநீரும் அடர்ந்த நிறத்தில் போகிறது, அதற்கும் பயப்பட வேண்டாமாம். வயிறு கலங்குகிறது என்று அத்தை அரிஷ்டம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். நல்லவேளை, டாக்டர் மது கூடாது என்றபோதே அரிஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். புளிக்க வைத்துச் செய்வதால் அதிலும் ஆல்கஹால் உண்டு. அத்தைக்கு முகம் வாடிவிட்டது. “நான் என்னம்மா கண்டேன்” என்றார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

இரண்டரை விரல். திறந்துவிட்டார்.

துளை விழுந்ததும் வெதுவெதுப்பாக ஏதோ நாக்கில் வழிந்தது. நாற்றம் எனக்கே குமட்டியது. அடுத்த நிமிஷம் தாடையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூன்று நாளாக எந்த மாத்திரையும் தராத நிம்மதி. நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து நான்கு தடவை வயிறு போய்விட்டது. போனில் கேட்டேன். மருந்து நல்ல கிருமிகளையும் சேர்த்துத்தான் அழிக்கிறது, மோர் குடியுங்கள், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். ரத்தம் கலந்து போனாலோ, நிற்காமல் தண்ணீராகப் போனாலோ, மாத்திரை முடிந்த பிறகு ஆரம்பித்தாலும்கூட, உடனே சொல்ல வேண்டும்.

மூன்று விரல்! கொஞ்சம் இறுக்கமாக.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி விரதம். மாத்திரைக்காகச் சாப்பிட்டுவிட்டேன், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முழங்கைக்கு மேலே சிவப்பாக ஒரு தடிப்பு. திங்கட்கிழமை “பென்சிலின் ஒத்துக்காதா?” என்று கேட்டபோது இல்லை என்று பட்டென்று சொன்னேன். ஆனால் அம்மா “எனக்கு அந்த ஊசி ஆகாது” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேனே. எந்த ஊசி? பென்சிலினா, வேறு ஏதாவதா? ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை. மாமாவுக்குப் போன் போட்டேன். உடம்பெல்லாம் தடித்துப்போனது ஞாபகம் இருக்கிறதாம், மருந்தின் பெயர் தெரியவில்லையாம். அம்மாவுக்கு ஆகாதது எனக்கும் ஆகாது என்று இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் தடிப்பு பரவினாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ மாத்திரையைத் தொடாமல் நேராக ஆஸ்பத்திரி. பேனாவால் தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அரைமணிக்கு ஒருதரம் பார்க்கிறேன். ஒன்பது மணி, வட்டத்துக்குள்தான். பத்து மணி, வட்டத்துக்குள்தான்.

தூக்கம் வராமல் படித்தேன். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு, வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லுக்குத்தான் வைத்தியம் என்று 2019இலேயே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஜூனில் எனக்கு வெறும் வலிதான். வீக்கம் இல்லை. அன்றைக்கே யாராவது பல்லைப் பார்த்திருந்தால்.

ஆகஸ்ட் 9, சனி

தடிப்பு மங்கிவிட்டது. கொசுதான். இன்றோடு மாத்திரை தீர்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்று விரல், தாராளமாக. வாயில் இரும்பு இல்லை, காபி காபியாக இருக்கிறது. ரூட் கெனால் 14ஆம் தேதி.

அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருக்கலாம் என்று மாமா சொன்னார். சாவி யாரிடம் என்றுதான் தெரியவில்லை.