லெட்சுமிக்காக நந்தியிடம்

அம்மா வைத்த நேர்த்தியை நிறைவேற்ற நான்தான் போக வேண்டியிருந்தது. மூட்டுவலியால் அவருக்கு எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் படிகளையே இறங்க முடியவில்லை. "பிரதோசத்தன்று நந்திக்குப் பாலும் புதுக் கயிறும். கயிற்றை மட்டும் திருப்பிக் கொண்டுவா மகன், கன்றுக்குக் கட்ட வேண்டும்" என்றார்.

நேர்த்தி எங்கள் பசு லெட்சுமிக்காக. பங்குனி மாத இடிமழை இரவில் அவளுக்கு வலி கண்டது. கன்று குறுக்கே கிடந்தது. பாதையில் மண் சரிந்திருந்ததால் மிருக வைத்தியரால் வர முடியவில்லை. பக்கத்து லயத்துப் பெரியவர் முழங்கைவரை எண்ணெய் பூசிக்கொண்டு போராட, அம்மா சாணத்திலேயே மண்டியிட்டு நந்தியம்பெருமானைக் கூப்பிட்டார். மாரியம்மன் பெயரோ முருகன் பெயரோ அன்று அவர் வாயில் வரவில்லை. "வாயில்லாச் சீவனுக்காகப் பேச வாயில்லாச் சீவன்தான் வேண்டும்" என்று பிறகு சொன்னார். விடியும்போது காளைக்கன்று எழுந்து நின்றது. மறுவாரமே அதற்கு விலை பேச ஆள் வந்தது. அம்மா வாசலோடு அனுப்பிவிட்டார்.

சீம்பால் நாட்கள் கழிந்து, சித்திரைப் பிரதோசத்துக்குப் புறப்பட்டேன். வசந்தகாலக் கூட்டம் நுவரெலியாவை நிறைத்திருக்கும் நேரம். தலவாக்கலையில் ஏறிய பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றேன். லிந்துலை தாண்டியதும் யாரோ ஒருவருடைய பெட்டி என் விலாவில் ஏறியது. பால் போத்தலைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு, சிந்திவிடுமோ என்ற ஒரே பயத்தில் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நானுஓயாவில் வாகனங்கள் அசையவே இல்லை. இறங்கிய இடத்தில் அர்ச்சனைத் தட்டு விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். சுவாமிக்கு வருகிறவர்களிடம் இரட்டை விலை சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ! குளிர் மட்டும் எனக்குத் துணையாக இருந்தது. பால் திரியவில்லை.

நுவரெலியா காயத்திரி பீடக் கோயிலில் சிவன் இலங்காதீஸ்வரர். நர்மதை நதியிலிருந்து வந்த பாணலிங்கம். பாலைக் கொடுத்துவிட்டு, அறுகம்புல் மாலையோடு இருந்த நந்தியின் அருகே ஒதுங்கினேன்.

சின்ன வயதில் வாகனங்களை நினைத்து நான் வியந்ததுண்டு. அம்மனின் சிங்கம் இந்த நாட்டின் கொடியில் இருக்கிறது, காட்டில் இல்லை. சூரபத்மனின் ஆணவம் அடங்கி வந்த மயிலை, குளிர்மலையில் வளர்ந்த நான் கதிர்காமத்துக்குப் போய்த்தான் உயிரோடு கண்டேன். கஜமுகாசுரன் உருமாறிய மூஞ்சூறையும் பைரவரின் நாயையும் லயத்தில் தினமும் பார்க்கலாம். ஆனால் நந்தியைப்போல் எங்கள் வீட்டுக்குள் இருந்த வாகனம் வேறில்லை. பதி, பசு, பாசம் என்று பண்டிதர்கள் சைவ சித்தாந்தம் பேசும்போது எனக்குப் பாதிதான் விளங்கும். பதி என்றால் இறைவன், பசு என்றால் உயிர், பாசம் என்றால் கட்டும் கயிறு. அன்று கையில் உண்மையான கயிற்றோடு நின்றபோது மனம் தடுமாறிவிட்டது. நந்தியும் கட்டுண்ட பசுதானே? ஆனால் அந்தக் கண் கட்டுத்தறியைப் பார்க்கவில்லை, கயிற்றையும் பார்க்கவில்லை. இமைக்காமல் எதிரே இருக்கும் பதியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கயிற்றை அவர் பாதத்தில் வைத்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். நகர முடியவில்லை. கொம்புகளுக்கு நடுவே தீபாராதனை தெரிந்தது. கண்ணீரில் சுடர் இரண்டாக, நான்காகப் பிரிந்தது. காதருகே குனிந்து அம்மா சொல்லியனுப்பியதைச் சொல்ல வேண்டும். "லெட்சுமி சுகமாக இருக்கிறாள் ஐயா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அப்பனே, அந்த இரவில் எங்கள் கொட்டிலுக்கு வந்தவர் நீங்கள்தான். அந்தப் பெரியவரின் கையில் இருந்தவரும் நீங்கள்தான். மண் சரிந்த பாதை உங்களை மறிக்கவில்லை. சம்பளம் போதாத மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்டவள் அவள். அவளை எங்களுக்குத் திருப்பித் தந்தீர்கள். எப்படி நன்றி சொல்வேன்? குருக்கள் கயிற்றில் விபூதி தூவித் தரும்வரை அப்படியே நின்றேன்.

வீடு சேர இரவு பத்தானது. அம்மா உறங்காமல் விளக்கோடு இருந்தார். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூட்டுவலியையும் மறந்து கொட்டிலுக்கு நடந்தார். கன்றின் கழுத்தில் சுற்றி, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்தி முடிச்சுப் போட்டார். லெட்சுமி தலையைத் திருப்பி அம்மாவின் கையை நக்கினாள்.