அக்காவின் மிஸ்

மதுரையில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் எல்.கே.ஜி. ஆசிரியையாக இருந்தேன். முதல் ஆறு ஆண்டுகளில் பக்கத்து வகுப்புக்கு மட்டும் ஏழு ஆசிரியைகள் வந்து போனார்கள்.

மூன்றரை வயதுக் குழந்தை ஆளைப் பார்த்துத்தான் அழுகையை நிறுத்துகிறது. ஒருவரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றிய பிறகே தன் டிபன் டப்பாவைத் தானே திறக்கும். அவர் நவம்பரில் விலகிவிட்டால், ஜூன் மாதத்து அழுகை திரும்பவும் தொடங்கும், ஒன்றுக்கு வந்தால் சொல்லப் பழகிய குழந்தை மறுபடியும் உடையை நனைக்கும்.

விலகியவர்கள் கடிதத்தில் குடும்பச் சூழ்நிலை என்றே எழுதினார்கள். என்னிடம் சொன்னவை வேறு. வகுப்பில் ஆசிரியைக்கு நாற்காலி கிடையாது. இரண்டு வகுப்புக்கு ஒரே ஆயாம்மா என்பதால், பிள்ளைகளை விட்டுக் கழிப்பறைக்குப் போகவும் வழியில்லை. சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களுக்காக அலைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் முன்னிலையில் தாளாளர் கடிந்துகொள்வார். குழந்தைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழாம் ஆண்டு வந்த தலைமை ஆசிரியை ஆசிரியைகளுக்கு நாற்காலி கொடுத்தார், வகுப்புக்கு ஓர் ஆயாம்மாவைக் கேட்டு வாங்கினார், குறைகளைத் தம் அறையில் தனியாகச் சொன்னார். ஊதியம் உயரவில்லை, ஆனாலும் அடுத்த மூன்றாண்டுகள் ஆண்டின் நடுவில் எவரும் போகவில்லை.

இதைக் காட்டி ஊதியம் பொருட்டல்ல என்று எந்த நிர்வாகமும் வாதிட வேண்டாம். 2019இல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியபோது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். 2022இல் அவர்களுக்குப் பதிலாக நியமிக்கப்படும் தற்காலிகச் சிறப்பாசிரியர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அத்தொகையில் ஒருவர் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பார்? பணியை விட்டுப் போகும்போது தரப்படும் தொகைக்கான 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 2009 திருத்தத்தால் ஆசிரியர்களுக்கும் உரியதாயிற்று, ஆனால் அத்தொகையைப் பெற ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டியிருந்தது. என் பக்கத்து வகுப்பின் அந்த எழுவரில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

ஒன்பதாம் ஆண்டு ஜூனில், பக்கத்து வகுப்பில் சேர வந்த ஒரு சிறுவன் வாசலிலேயே நின்று, இரண்டாண்டுக்கு முன் அங்கே படித்த தன் அக்காவின் மிஸ் எங்கே என்று கேட்டான். அவர் உள்ளேதான் இருந்தார்.