சேர்மன் அறைக்கு வெளியே ஒரு மேஜை

எங்கள் ஊரில் மேயர் கிடையாது. மாநகராட்சியாக இருந்தால்தான் மேயர், அங்கி, செங்கோல் எல்லாம். நகராட்சிக்கு நகர்மன்றத் தலைவர். ஊர் வாயில் சேர்மன். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த சேர்மன் அறை வாசலை ஒட்டியிருந்த மேஜையில் நான் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். மன்றப் பிரிவு எழுத்தர். அஜெண்டா தயாரிப்பது, கவுன்சிலர்களுக்கு அழைப்பு சார்வு செய்வது, அதாவது கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தீர்மானப் புத்தகம் எழுதுவது.

சில சேர்மன்களைப் பார்த்திருக்கிறேன். அதிகம் நினைவில் நிற்பவர் 2011 அக்டோபர் தேர்தலில் ஜெயித்து வந்தவர். கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அந்த முறை தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1996, 2001 தேர்தல்களிலும் அப்படித்தான். இடையில் 2006ல் மட்டும் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வித்தியாசம் வெளியே பெரிதாகத் தெரியாது. என் மேஜையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். 2006ல் வந்த தலைவர் காலையில் வந்ததும் முதலில் கவுன்சிலர்களுக்கு போன் போடுவார். 2011ல் வந்தவர் சுயேச்சை. மன்றத்தில் அவருக்கென்று கை தூக்க நாலு பேர்கூட இல்லை. ஆனால் ஊரே ஓட்டுப் போட்டிருக்கிறது என்ற தைரியம் இருந்தது.

அந்தத் தைரியம் மூன்று வாரம் தாங்கியது. ஒரு தெருவில் விளக்கு எரியவில்லை என்று ஒரு பாட்டி மனு கொடுத்தார். சேர்மன் "நாளைக்கே போட்டுக் கொடுங்க" என்று மனுவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பத்து நாள் கழித்துப் பாட்டி திரும்பி வந்தார். விளக்கு எரியவில்லை. சேர்மன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் சார், என் கையெழுத்துக்கு இங்க என்னதான் மதிப்பு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 1920ஆம் வருட மாவட்ட நகராட்சிகள் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் எதிரில் வைத்தேன். மன்றம் தீர்மானம் போடும். தலைவர் கூட்டத்தை நடத்துவார். செயல்படுத்துகிற அதிகாரம் ஆணையருக்கு, அதாவது அரசு நியமிக்கிற அதிகாரிக்கு. காசோலையில் தலைவர் கையெழுத்து கிடையாது. ஊழியரை மாற்ற முடியாது. பொறியாளரை வேலை வாங்க ஆணையர் வழியாகத்தான் போக வேண்டும். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அப்ப நான் யாரு?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் அவரே, "சரி, காலைல எத்தனை மணிக்கு துப்புரவு ஆளுங்க வருவாங்க?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து ஐந்தரை மணிக்கு வருகைப் பதிவு எடுக்கும் இடத்தில் ஸ்கூட்டியோடு நின்றார். யாரையும் திட்டவில்லை, உத்தரவு போடவில்லை. சும்மா நிற்பார், டீ வாங்கிக் கொடுப்பார். மேஸ்திரியிடம், "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பிறகு அந்தப் பக்கமே ஒரு சுற்று வருவார். பொறியாளரும் சுகாதார அலுவலரும் வேறு வழியில்லாமல் ஆறு மணிக்கே வர ஆரம்பித்தார்கள். சட்டத்தில் இதற்குப் பிரிவு எண் எதுவும் இல்லை.

மன்றக் கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகையில் வருகிற வெளிநடப்பு, கூச்சல் எல்லாம் உண்மைதான். சாக்கடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்த கவுன்சிலர் உண்டு. காலிக் குடத்தோடு வந்தவர்கள் உண்டு. ஆனால் கூச்சல் அடங்கியதும் கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது "ஆல் பாஸ்" என்பார். நாற்பது பொருள் ஒரே மூச்சில் நிறைவேறும். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை ஏலம், கடை வாடகை, சாலை எஸ்டிமேட் எல்லாம் அதில் போய்விடும். இந்த சேர்மன் மட்டும், "இருங்க, பன்னெண்டாவது பொருளைப் படிங்க" என்பார். எல்லோரும் அவரை முறைப்பார்கள், நான் உட்பட. எனக்குப் பசிக்கும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

2012 கோடை. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்கள் பக்கம் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஆற்றங்கரைப் பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் ஓடினால்தான் மேல்நிலைத் தொட்டி நிறையும். நாலு நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் ஒன்பது நாளுக்கு ஒருமுறை என்றானது. பெண்கள் மெயின் ரோட்டில் குடத்தை வரிசையாக வைத்து பஸ்ஸை மறித்தார்கள். வாடகைக்குப் பெரிய ஜெனரேட்டர் எடுப்பதைத் தவிர வழியில்லை. மன்றத்தைக் கூட்டித் தீர்மானம் போட நேரமில்லை. இப்படிப்பட்ட அவசரத்துக்கு, மன்றத்தின் ஒப்புதலை எதிர்நோக்கித் தலைவர் முன் அனுமதி கொடுக்கலாம். அவருக்கு இருந்த ஒரு சின்ன அதிகாரம் அது. கொடுத்தார். அன்று இரவு பம்ப் ஹவுஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார் என்று ஃபிட்டர் சொன்னார்.

அந்த முன் அனுமதியை அடுத்த கூட்டத்தில் பொருளாக வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அது என் வேலை. மறந்துவிட்டேன். அந்த மாதம் என் மகளுக்குக் கல்லூரி அட்மிஷன், கவுன்சிலிங் என்று அலைந்துகொண்டிருந்தேன். காரணம் சொன்னால் சொல்லலாம், கோப்பு என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. மூன்று கூட்டம் தாண்டியபின் கண்ணில் பட்டு, அவசரமாகக் கடைசிப் பொருளாகச் சேர்த்தேன்.

அந்த முறை "ஆல் பாஸ்" வரவில்லை. "யாரைக் கேட்டு ஜெனரேட்டர் எடுத்தீங்க? இத்தனை மாசம் ஏன் மறைச்சீங்க? கமிஷன் எவ்வளவு?" என்று ஒருவர் ஆரம்பித்தார். மைக் வயர் பிடுங்கப்பட்டது. நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தபடி குனிந்திருந்தேன். சேர்மன் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். பிறகு மன்றத்தைப் பார்த்து, "வைக்கத் தாமதமானது என் தவறு. பதிவு பண்ணிக்கோங்க" என்றார். பதிவு பண்ணினேன். என் கையெழுத்திலேயே இன்னும் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. மறு வருடம் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் அது ஒரு தணிக்கைத் தடையாக, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபணையாக, ஏறியது. ஊர்ச் சுவரொட்டிகளில் "ஜெனரேட்டர் சேர்மன்" என்று பட்டப்பெயரும் வந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தனி அலுவலர் ஆட்சி வந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாக மன்றமே இல்லை. ஆணையரே தனி அலுவலர். அவர் வைக்கும் பொருளை அவரே பரிசீலித்து அவரே தீர்மானித்தார். நானும் வழக்கம்போல "தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன். மன்ற மண்டபத்தில் கொசு மருந்துப் புகை இயந்திரங்களை அடுக்கினார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது, பசி நேரத்துக்குச் சாப்பிட்டேன். ஆனால் "பன்னெண்டாவது பொருளைப் படிங்க" என்று சொல்ல ஆளில்லை.

2022 பிப்ரவரி 19ல் ஓட்டுப்பதிவு. மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நாளில்தான் கும்பகோணத்தின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டுநர் சரவணன் வந்தார். எங்கள் அலுவலகத்தில் டீ நேரம் முழுக்க அதே பேச்சு. எங்களுக்குப் பெண் தலைவர். முதல் மாதம் கணவர்தான் எல்லாக் கோப்பையும் பார்த்தார். ஒருநாள் அந்த அம்மா, "நீங்க வெளியில உக்காருங்க, நான் கேட்டுக்கறேன்" என்றார். என் மேஜைக்கு எதிரில் இருந்த பெஞ்சில் கணவர் வந்து உட்கார்ந்தார். இருவரும் தினமலர் படித்தோம்.

பாவம், அந்த அம்மா பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, சொத்து வரி உயர்வு வந்தது. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். முடிவு அரசாங்கத்துடையது. மன்றத்தில் தீர்மானம் வைத்து ஊர் வசவை வாங்கியது இவர். 2023 ஜூலை முதல் நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்தபோது, "திட்டு வாங்கறதுக்குச் சம்பளம்" என்று சிரித்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு, பழைய சேர்மன் வரி வசூல் கவுண்டரில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "முன்னாடி ஆறு பேர் நிக்கறாங்க சார்" என்றார். பக்கத்திலேயே நின்றேன். ரசீதும் மீதிச் சில்லறையும் வாங்கிய பிறகுதான் கேட்டார்.

"அந்த ஜெனரேட்டர் தணிக்கைத் தடை... நீங்கிடுச்சா?"

"இல்லைங்க தலைவரே. நிலுவையிலதான் இருக்கு. பதில் எழுதி அனுப்பியிருக்கேன், மூணு தடவை."

"என்னன்னு எழுதினீங்க?"

"என் தவறுன்னு."

சில்லறையை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அதை மன்றத்துல வேற மாதிரியில்ல பதிவு பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டி நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்.