பாலவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் தண்ணீரைச் சோதித்துச் சரிசெய்த அனுபவம்

சென்னை பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், மூன்று தண்ணீர் கலக்கிறது: குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர், போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கட்டடம் எழுவதற்கு முன்பே அந்த இடத்தில் இருந்த உறைகிணற்றுத் தண்ணீர். ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படிவு தடித்துக்கொண்டே போனது. பருப்பு வேக மறுத்தது. இதற்கு ஒரு முடிவு காண வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, எதை வாங்குவது என்பதற்கு முன் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அறிவோம் என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பொறுப்பை நானே ஏற்றேன்.

அதற்குள், தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவியை விற்பவர் ஒருவர் வந்துவிட்டார். இரண்டு டம்ளர்களில் ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் ஆர்ஓ தண்ணீரையும் ஊற்றி, மின்கம்பிகள் கொண்ட ஒரு கருவியை இரண்டிலும் இறக்கினார். சிறிது நேரத்தில் எங்கள் தண்ணீர் துருநிறமாகத் திரிந்தது. கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த நிறம் தண்ணீரிலிருந்து வருவதன்று, கருவியின் இரும்புக் கம்பி கரைவதால் வருவது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவாதலால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மீண்டும் இயக்கச் சொன்னேன், அதுவும் பழுப்பாயிற்று. அச்சமூட்டி விற்கும் இந்த வழக்கம் பல குடும்பங்களைத் தேவையில்லாத செலவில் தள்ளுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் மூன்று தண்ணீரையும் தனித்தனியே கொடுத்தோம். சம்ப்பிலிருந்து மட்டும் எடுத்திருந்தால் கலவைதான் தெரியும். கெடுப்பது எது என்பது தெரியாது. வேதிச் சோதனைக்குச் சுத்தமான இரண்டு லிட்டர் கேன் போதும். கிருமிச் சோதனைக்கோ ஆய்வகமே தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் வேண்டும். குழாயின் வாயைச் சுட்டு, தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பிக்க வேண்டும். கால்சியம், மக்னீசியம் உப்புகளால் வரும் கடினத்தன்மையை அளக்கும் முறையை அங்கிருந்தவர் பொறுமையாகக் காட்டினார். சாயம் கலந்து திராட்சைச் சிவப்பாக நின்ற தண்ணீரில் அந்த உப்புகளைப் பிணைக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஏதோ ஒரு சொட்டில் முழுவதும் நீலமாகிறது. அதுவரை செலவான கரைசலின் அளவுதான் கால்சியம், மக்னீசியம் இரண்டின் கணக்கு.

அறிக்கையை இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 உடன் ஒப்பிட்டோம். ஒரு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில், மொத்தக் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம். கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், 500 மற்றும் 2000. குளோரைடு 250 மற்றும் 1000. மெட்ரோ தண்ணீர் எல்லாவற்றிலும் முதல் வரம்புக்குள் இருந்தது. உறைகிணறு இரண்டு வரம்புகளுக்கும் இடையே நின்றது. போர் தண்ணீரில் கடினத்தன்மை 600ஐ ஒட்டியும் குளோரைடு 1000ஐத் தாண்டியும் இருந்தன. கால்சியத்தைவிட மக்னீசியத்தின் பங்கு மிகுந்திருந்ததும் கவனிக்க வேண்டியது. கடல்நீரின் இயல்பு அதுவே. ஆகவே எங்கள் சிக்கல் வெறும் கடினத்தன்மை அன்று, போரின் அடியில் கடல் ஏறிக்கொண்டிருப்பது.

இந்தக் கரையில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, எடை மிகுந்த கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால் கீழே உப்பு எவ்வளவு உயரும் என்பதை இதிலிருந்தே உணரலாம். ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற எண்ணம் உள்நாட்டு ஊர்களில் சில இடங்களுக்குப் பொருந்தலாம். இங்கே ஆழம்தான் பகை.

சாஃப்ட்னரையும் இந்த வெளிச்சத்தில் எடைபோட்டோம். அதில் உள்ள ரெசின் என்னும் சிறு மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சாஃப்ட்னர் உப்பைக் குறைப்பதில்லை, டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியே இருக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். எங்கள் போர் தண்ணீருக்கு அது 275ஐத் தொடும். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து உண்ணும் பெரியவர்கள் பலர் இருக்கும் கட்டடம் இது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, ரெசினைக் கழுவி வெளியேறும் உப்புக் கரைசல். மணல் தரையில் அதை விட்டால், நாங்கள் இறைக்கும் அதே நீருக்கே அது திரும்பி வரும்.

எனவே ஆழ்துளைக் கிணற்றை அடைத்துவிட்டு உறைகிணற்றைத் தூர்வாருவது என்று தீர்மானித்தோம். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். எங்களிடமும் குழிகள் இருந்தன, ஆனால் சேறு அடைத்துக் கிடந்தன. மொட்டை மாடிக் குழாய்களை ஒன்றாக்கி, முதல் மழையை வெளியே திருப்பும் வால்வு ஒன்றை வைத்து, சரளையும் மணலும் நிரப்பிய வடிகட்டி வழியாகக் கிணற்றில் இறக்கினோம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டுச் சராசரியோ சுமார் 1400 மில்லிமீட்டர். செலவு சாஃப்ட்னர் விலைப்புள்ளியைவிடக் குறைவாகவே முடிந்தது. குறுக்கே நின்றது பணமல்ல, மோட்டார் நேரத்தைக் குறைக்க எல்லோரையும் இசைய வைப்பதுதான். கிணற்றை ஒரே மூச்சில் இறைக்காமல் இடைவெளி விட்டு இறைக்க வேண்டியிருந்தது.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மறுபடி சோதித்தபோது, கிணற்றின் குளோரைடு 250க்குக் கீழே இறங்கியிருந்தது, கடினத்தன்மை 300ஐ ஒட்டி வந்திருந்தது. முதல் சோதனையில் தென்பட்ட கோலிஃபார்ம் கிருமிகள், பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்த பிறகு இல்லை. எனினும் குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துவிட்டோம்.

கோடையின் உச்சத்தில், மே மாத இறுதியில், அடுத்த மாதிரி எடுக்க இருக்கிறோம். அண்டைக் கட்டடத்தில் புதிதாக ஆழ்துளை போடும் யோசனை இருப்பதாக அறிந்து, எங்கள் இரண்டு அறிக்கைகளின் நகலையும் அவர்கள் சங்கத்திடம் கொடுத்திருக்கிறோம். இருவரும் இறைப்பது ஒரே மணலிலிருந்து என்பதால், முடிவெடுக்கும் முன் ஒருமுறை கூடிப் பேச அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.